பழைய சிஆர்ஓவுக்கு உயிர் கொடுப்பது: காயலான் கடையிலிருந்து மேசை வரை

பழைய சிஆர்ஓவை, அதாவது மின் சிக்னலைத் திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை, வாங்கி வந்த அன்று ராத்திரியே பிளக்கைச் செருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். செருகாதீர்கள். கல்லூரி லேப் அலமாரியில் இருபது, முப்பது வருஷம் தூங்கிய கருவி அது. உள்ளே கன்டென்சர்கள் என்ன நிலையில் இருக்கின்றன, பல்லி எங்கே முட்டை வைத்திருக்கிறது, பின்பக்க வோல்டேஜ் சுவிட்ச் 115இல் நிற்கிறதா 230இல் நிற்கிறதா, எதுவுமே உங்களுக்குத் தெரியாது. ஒரு சின்னக் கன்டென்சரோடு முடிய வேண்டிய பழுது, அந்த ஒரு நிமிஷ அவசரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்விடும்.

இந்த வழிகாட்டியில் பிளக்கைச் செருகுவது ஏழாவது படியில்தான் வரும். அதற்கு முந்தைய ஆறும் சலிப்பான வேலைகள். புதிதாக வருபவர்கள் தாண்டிக் குதிப்பதும் அவற்றைத்தான். சிஆர்ஓவை வைத்துச் சொல்கிறேன். பழைய சிக்னல் ஜெனரேட்டர், பெஞ்ச் பவர் சப்ளை, மேசை மல்டிமீட்டர் எல்லாவற்றுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. முதல் கருவியாக எதை எடுப்பது

இரண்டு சேனல், 20 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ், இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பவர் சப்ளை. இவ்வளவு போதும். நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேப்களில் இருந்தவை பெரும்பாலும் இந்த வகைதான். ஜெர்மனியின் ஹமெக் வடிவமைத்த எச்எம்203 இதற்கு நல்ல உதாரணம். அந்த வடிவமைப்பு இந்தியாவிலும் தயாராகி லேப் லேபாகப் போயிற்று.

காரணம் எளிது. இவற்றில் இருப்பவை பெரும்பாலும் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களும் சாதாரண ஐசிகளும். எது எரிந்தாலும் அதற்கு இணையான ஒன்று கிடைத்துவிடும். தூக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் கனமாக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் உள்ளே ஸ்விட்ச் மோட் சப்ளை (கரன்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் வகை) இருக்கலாம். முதல் கருவிக்கு அது வேண்டாம்.

டெக்ட்ரானிக்ஸ் 465 மீது எல்லாருக்கும் ஒரு கண். 1972இல் வந்த 100 மெகாஹெர்ட்ஸ் கருவி. டிரான்சிஸ்டர்கள் பலவற்றைச் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள், கழற்றிச் சோதிக்கலாம். இரண்டாவதாக வாங்குங்கள். அதே கம்பெனியின் 2465 வரிசையை நான்காவதாக வாங்குங்கள். அருமையான கருவிதான். ஆனால் அதன் முக்கியமான வேலைகளைச் செய்வது அந்தக் கம்பெனியே தனக்காகச் செய்துகொண்ட ஐசிகள். அதில் ஒன்று போனால், இன்னொரு 2465ஐ உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரே மாடலில் இரண்டு கிடைத்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, உதிரி பாகத்துக்கு மட்டுமல்ல; ஒன்றில் அளந்ததை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்தான்.

2. கடையில் நின்று பார்க்க வேண்டியவை

சென்னையில் ரிச்சி தெருவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும், பெங்களூரில் எஸ்பி ரோடும் தெரிந்த இடங்கள். ஆனால் நல்ல சரக்கு அங்கே வருவதற்கு முன்னால் கல்லூரிகள் கழித்துக்கட்டிய பொருள்களை விற்கும் கண்டம் ஏலத்தில் போய்விடுகிறது. ஏலம் எடுக்கும் காயலான் கடைக்காரரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது எடைக்குப் போகும் இரும்பும் செம்பும். "பழைய மிஷின் வந்தா எனக்கு ஒரு போன் போடுங்கண்ணே" என்று சொல்லி வைத்தால் போதும்.

முதலில் பிக்சர் டியூபைப் பாருங்கள். மற்ற எதற்கும் மாற்று உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. திரையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், நடுவில் பழுப்பாக ஒரு கோடோ புள்ளியோ தெரிகிறதா? திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகியிருக்கிறது. மெல்லிய கோடு பரவாயில்லை. மூடியைக் கழற்ற விட்டால் டியூபின் கழுத்துக்குள் பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளி பூசியது போல ஒரு திட்டு இருக்க வேண்டும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று உள்ளே போய்விட்டது. அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஸ்க்ரூ தலைகள். தேய்ந்து, சொரசொரப்பாக இருந்தால் முன்பே யாரோ நோண்டியிருக்கிறார்கள். இயல்பாகக் கெட்ட கருவியைச் சரிசெய்வதைவிட, அரைகுறையாகப் பழுது பார்த்த கருவியைச் சரிசெய்வது இரண்டு மடங்கு வேலை. கழன்று போன போர்டு, வெட்டிய வயர், காணாமல் போன நாப் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கடைக்காரர் நல்ல மனசோடு "போட்டுக் காட்டவா சார்?" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே போட்டுப் பார்த்து, கோடு தெரிந்தது என்றால் சரி. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். போடாத கருவியை அந்தத் தெருவோர பிளக்கில் முதல்முறையாகப் போட வைப்பது, உங்கள் காசில் வேடிக்கை பார்ப்பது.

3. மேனுவல் இல்லாமல் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

ஆபரேட்டர் மேனுவல் அல்ல, சர்வீஸ் மேனுவல். டெக்ட்ரானிக்ஸ் கருவிகளுக்கு டெக்விக்கியில் பெரும்பாலும் கிடைக்கும். எச்பி, பிலிப்ஸ், ஹமெக் கருவிகளுக்கும் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் ஸ்கேன் செய்த பிரதிகள் உண்டு. இந்தியத் தயாரிப்புகளுக்குக் கிடைப்பது கஷ்டம். அவை எந்த வெளிநாட்டு மாடலை ஒட்டிச் செய்தவை என்று தெரிந்தால் அதன் மேனுவல் பெருமளவு உதவும்.

இறக்கியதும் மூன்று பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்: பவர் சப்ளை சர்க்யூட், டெஸ்ட் பாயின்ட்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் போர்டு படம், ஒவ்வொரு வோல்டேஜும் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அட்டவணை. முதல் வாரம் முழுக்க இந்த மூன்று தாள்கள் போதும். சீரியல் எண்ணையும் கவனியுங்கள். ஒரே மாடலில் குறிப்பிட்ட எண்ணுக்குப் பிறகு சர்க்யூட் மாறியிருக்கும். தப்பான தாளை வைத்துக்கொண்டு இல்லாத ரெசிஸ்டரை ஒரு மணி நேரம் தேடுவது எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும்.

4. மேசையில் என்னென்ன வேண்டும்

மூன்றரை இலக்கத்துக்குக் குறையாத, மில்லிவோல்ட் வரை காட்டும் மல்டிமீட்டர். விலை மலிந்த மஞ்சள் மீட்டரில் ஏசி அளவே 200 வோல்ட் ரேஞ்சில்தான் தொடங்கும். பவர் சப்ளையின் ரிப்பிள், அதாவது டிசியில் மிச்சமிருக்கும் ஏசி அலைவு, அதில் தெரியாது. கரன்ட் லிமிட் வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளை ஒன்று. டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள சால்டரிங் அயர்ன். ஐசோபுரோபைல் ஆல்கஹால், மெல்லிய தூரிகை. அமெரிக்கக் கருவி என்றால் அங்குல அளவு ஆலன் கீ. டெக்ட்ரானிக்ஸ் நாப்களின் குட்டி ஸ்க்ரூவுக்கு 0.050 அங்குலக் கீ வேண்டும். மில்லிமீட்டர் கீயைத் திணித்தால் தலை வழுக்கிவிடும்.

மிக முக்கியமானது சீரிஸ் பல்பு. ஒரு பலகையில் பல்பு ஹோல்டரும் ஒரு சாக்கெட்டும். பேஸ் வயர் பல்பு வழியாகச் சாக்கெட்டுக்குப் போக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போக வேண்டும். பழைய குண்டு பல்புதான், 100 வாட்டும் 60 வாட்டும் ஒவ்வொன்று. எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது சில பத்து ஓம்தான். சூடேறிப் பிரகாசமாக எரியும்போது 100 வாட் பல்பு 500 ஓமைத் தாண்டும். கருவி நன்றாக இருந்தால் பல்பு குறுக்கே வராது. உள்ளே ஷார்ட் என்றால் பல்பே கரன்ட்டைப் பிடித்து நிறுத்திவிடும்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீரிஸ் பல்பு கருவியைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. சிஆர்ஓவுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு; 465இன் டியூபில் மொத்தம் 18 கிலோவோல்ட் வரை போகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அங்கே சார்ஜ் நிற்கும். டியூபுக்குப் போகும் தடித்த வயரையும் அது கிளம்பும் உலோக அல்லது பிளாஸ்டிக் பெட்டியையும் முதல் கருவியில் தொடவே தொடாதீர்கள். சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைத்தால் மீட்டரும் போகும், கையும் போகும். கரன்ட் இருக்கும்போது அளந்தால் ஒரு கை பின்னால், மோதிரம் கழற்றியிருக்க வேண்டும், வீட்டில் இன்னொரு ஆள் விழித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கம் பல லேப்களில் உண்டு. ஏலத்தில் வரும் கருவிகளில் எர்த் வயரை உள்ளேயே வெட்டி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். முதல் வேலையாக அதைச் சேருங்கள். எர்த் இல்லாத சிஆர்ஓவில், புரோபின் (அளக்கும் வயரின்) கிரவுண்ட் கிளிப்பை எங்கே மாட்டுகிறீர்களோ அந்த வோல்டேஜ் முழுக்கக் கருவியின் உடம்பில் இருக்கும்.

5. திறந்து, தொடாமல் பார்ப்பது

மூடியைக் கழற்றியதும் கையை வைக்காமல் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வயர்கள் எந்த வழியாகப் போகின்றன, எந்த கனெக்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மூன்று வாரம் கழித்து நினைவிருக்காது.

அப்புறம் தூசி. மெல்லிய தூரிகையும் புளோயரும். வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கை போர்டில் உரசாதீர்கள். நம் ஊர்க் கருவிகளில் கரப்பான் கூடு, பல்லி முட்டை, சில சமயம் மெயின்ஸ் சுவிட்சுக்கு நடுவே செத்துக் காய்ந்த பல்லியே இருக்கும். அதை எடுக்காமல் கரன்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, மெயின்ஸ் நுழையும் இடத்தில், மஞ்சள் பழுப்பில் கண்ணாடி போன்ற உறை போட்ட ரிஃபா கன்டென்சர். உள்ளே இருப்பது காகிதம். உறையில் மயிரிழை போல விரிசல் விழுந்து ஈரம் ஏறியிருக்கும். கரன்ட் கொடுத்த சில நிமிஷத்தில் வெடித்து, வீடெல்லாம் புகை நாறும். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருந்ததற்கு எக்ஸ்2 என்று எழுதியது, எர்த்துக்குப் போவதற்கு ஒய் என்று எழுதியது, அதே மைக்ரோஃபாரடில். கடையில் '400 வோல்ட்' என்று எடுத்துத் தரும் சாதாரணக் கன்டென்சரை அங்கே போடக் கூடாது. கெட்டால் அது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

இரண்டாவது, பேட்டரி. நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் பச்சையாகப் பூத்திருக்கும். கசிவது காரம், ஆகவே கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு ஆல்கஹால். லெட் ஆசிட் பேட்டரி என்றால் கசிவது அமிலம். அதற்கு ஆப்ப சோடாக் கரைசல். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு "இன்னும் அரிக்கிறதே" என்பவர்கள் உண்டு.

மூன்றாவது, தலை உப்பிய, அடியில் கசிந்த எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இப்போது மாற்றாதீர்கள்.

6. கரன்ட் கொடுக்காமல் அளப்பது

வோல்டேஜ் செலக்டரை 230க்கு வையுங்கள். 115இல் இருந்து மாற்றினால் ஃபியூஸையும் மாற்ற வேண்டும். வோல்டேஜ் இரண்டு மடங்கு என்றால் கரன்ட் பாதிதான், ஆகவே ஃபியூஸும் ஏறக்குறைய பாதி ஆம்பியர். ஹோல்டரில் சிகரெட் பெட்டி ஜிகினாவோ செப்புக் கம்பியோ சுற்றியிருந்தால், இதற்கு முன் இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவே, சுவிட்ச் ஆனில் வைத்து, ஓம் அளங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி சில பத்து ஓம் வரை காட்டலாம். எதுவுமே காட்டாவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச் அல்லது பிரைமரி ஓபன். பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. எர்த் பின்னுக்கும் கருவியின் உடம்புக்கும் நடுவே ஓர் ஓமுக்குள் இருக்க வேண்டும்.

பிறகு, மேனுவலில் உள்ள ஒவ்வொரு டிசி சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், 0.2 ஓம் காட்டினால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல சப்ளை லைன் சில பத்து ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை எதையும் காட்டலாம். ஓர் ஓம், இரண்டு ஓம் என்றால் ஷார்ட். அப்படி வந்தால் நேராக ஒன்பதாவது படிக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

7. முதல் தடவை சுவிட்ச் போடுவது

இன்டென்சிட்டியை (கோட்டின் வெளிச்சத்தை) முழுக்கக் குறையுங்கள். எல்லாம் சரியாக இருந்து, பீம் ஒரே புள்ளியில் நின்றால் சில நொடிகளில் திரையில் ஓட்டை போட்டது போலக் கருகிவிடும்.

சீரிஸ் பல்பில் செருகி சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. அந்தக் கணத்தில் பெரிய கன்டென்சர்கள் சார்ஜ் ஆகின்றன. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உடனே அணையுங்கள். எரியவே இல்லை என்றால் கரன்ட் உள்ளே போகவில்லை. மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் பல்பைப் போட்டுப் பாருங்கள். 40 வாட் இழுக்கும் கருவிக்கு அது இயல்புதான்.

ஐந்து நிமிஷம் விட்டு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய கன்டென்சர்களின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு வரலாம், சுடக் கூடாது. பல வருஷம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கில் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். குறைந்த வோல்டேஜில் கொஞ்ச நேரம் இருந்தால் அது திரும்பக் கட்டிக்கொள்ளும். மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் இருந்தால் ஒரு மணி நேரத்தில் மெல்ல ஏற்றலாம்.

ஸ்விட்ச் மோட் சப்ளைக்கு மட்டும் இந்த வைத்தியம் செய்யாதீர்கள். வோல்டேஜ் குறையக் குறைய அது கரன்ட்டை அதிகமாக இழுக்கும். தொடங்கித் தொடங்கி நின்று, நல்ல டிரான்சிஸ்டரும் போய்விடும்.

8. பவர் சப்ளை சரியாகும் வரை வேறு எதையும் பார்க்காதீர்கள்

கோடு தெரியவில்லை, ட்ரிகர் ஆகவில்லை (அலை திரையில் நிலையாக நிற்கவில்லை), சேனல் 2 மட்டும் ஆடுகிறது என்று என்ன புகார் இருந்தாலும் சரி, முதலில் சப்ளை. மற்ற எல்லாச் சர்க்யூட்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

465இல் +110, +55, +15, +5, −8 வோல்ட் என்று ஐந்து லைன்கள். முதலில் பார்க்க வேண்டியது +55. மற்றவை அதைப் பார்த்துத்தான் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன; அது தவறினால் எல்லாமே தவறும். உங்கள் கருவியில் எது அந்த ஆதார லைன் என்று சர்க்யூட்டைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். வரிசைப்படி போகாமல் +5ஐ நோண்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

வோல்டேஜ் சரியாக இருந்தாலும் ரிப்பிளைப் பாருங்கள், ஏசி மில்லிவோல்ட் ரேஞ்சிலோ இரவல் வாங்கிய சிஆர்ஓவிலோ. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளைத் தரும். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு மேடு. மேடு உயர்ந்திருந்தால் ஃபில்டர் கன்டென்சர் காய்ந்துவிட்டது. மேடு 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று வந்தால் கன்டென்சரைக் குறை சொல்லாதீர்கள். ரெக்டிஃபையரில் ஒரு டயோட் ஓபன்.

எல்லாக் கன்டென்சரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது இப்போது பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நாற்பது கன்டென்சரை ஒரே நாளில் மாற்றினால் இரண்டு இடத்தில் பிசிபியின் பட்டை பெயரும், ஒன்று தலைகீழாகப் போகும். கருவி முன்பைவிட மோசமாகும்; எதனால் என்று சொல்லவும் முடியாது. அளந்து, கெட்டதை மாற்றுங்கள். ஒன்றை மாற்றியதும் சுவிட்ச் போட்டுப் பாருங்கள். ரிஃபா மட்டும் விதிவிலக்கு.

கழற்றிய கன்டென்சரை டெஸ்டரில் வைக்கும் முன் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு கிளிப் போட்டு வைத்துக்கொண்டால் போதும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடுவது வீரமல்ல.

9. ஷார்ட்டைத் தேடிப் பிடிப்பது

பழைய சிஆர்ஓக்களில் அடிக்கடி வரும் நோய் இது. சப்ளை லைனில் ஆங்காங்கே தொங்கும் துளி வடிவ டான்டலம் கன்டென்சரில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். ஒரே லைனில் பத்துப் பதினைந்து உண்டு. எது என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது மூடத்தனம்.

எனக்கு வந்த ஒரு 465இல் +15 லைன் கிரவுண்டுக்கு 0.9 ஓம் காட்டியது. மீட்டர் வயரைக் கழித்தால் 0.7. மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட், 0.5 ஆம்பியர் லிமிட்டில் வைத்து அந்த லைனில் கொடுத்தேன். பிளஸ், மைனஸ் சரியாக. 1 வோல்ட்டில் எந்த ஐசியும் விழித்துக்கொள்ளாது. ஓடும் கரன்ட் எல்லாம் ஷார்ட்டை நோக்கித்தான் ஓடும்.

மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சப்ளையின் மைனஸில் நிறுத்தி, சிவப்பு முனையை லைன் நெடுகக் கன்டென்சர் கன்டென்சராக நகர்த்தினேன். 350. அடுத்ததில் 338. அப்புறம் 329. ஒரு நீலத் துளியில் 321. அதைத் தாண்டியும் 321, அதற்கடுத்தும் 321. அளவு குறைவது எங்கே நின்றதோ அங்கேதான் கரன்ட் கிரவுண்டுக்கு இறங்குகிறது. அதற்கு அப்பால் கரன்ட் இல்லை, ஆகவே வோல்டேஜும் குறையவில்லை. அந்த நீலத் துளியின் ஒரு காலைத் தூக்கினேன். லைன் 180 ஓமுக்குப் போனது.

மீட்டர் அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாவிட்டால் இன்னொரு வழி: கன்டென்சர்கள் மேல் ஆல்கஹால் தொட்டு வையுங்கள். ஷார்ட் ஆனது கொஞ்சம் சூடேறும். அதன் மேல் இருப்பது முதலில் காயும்.

புதியதைப் போடும்போது இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். 15 வோல்ட் லைனுக்கு 16 வோல்ட் டான்டலம் போடுவது முதலாவது. 35 வோல்ட் போடுங்கள், டான்டலம் விளிம்பில் வேலை செய்தால் சீக்கிரம் ஷார்ட் ஆகும். இரண்டாவது, பக்கம் மாறுவது. உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டைக் கோடு போட்ட கால் மைனஸ். டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். ஒரே மேசையில் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்தால் கை தானாக மாற்றிப் போடும். தலைகீழாகப் போன டான்டலம் தீப்பொறியோடு வெடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

10. கோடு வரவில்லை என்றால்

சப்ளை எல்லாம் சரி, திரை இருட்டு. உள்ளே கை வைக்கும் முன் முன்பக்கத்தைப் பாருங்கள். ட்ரிகர் 'நார்மல்' மோடில் இருக்கிறதா? சிக்னல் இல்லாமல் அதில் கோடு வராது, 'ஆட்டோ'வில் வையுங்கள். பொசிஷன் நாப்களை நடுவில், இன்புட் சுவிட்ச் கிரவுண்டில், இன்டென்சிட்டியை மெல்ல ஏற்றி. 'பீம் ஃபைண்ட்' பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். கோடு எந்தப் பக்கம் ஓடி ஒளிந்திருக்கிறது என்று காட்டும். "கோடே வரலை" என்று என்னிடம் தூக்கி வந்த கருவிகளில் சில இந்தப் பத்தியிலேயே குணமாயின.

அடுத்து எக்ஸ்ஒய் மோட். புள்ளியை இடமிருந்து வலம் ஓட்டும் ஸ்வீப் சர்க்யூட் இதில் வேலை செய்யாது. அதில் புள்ளி வந்தால் டியூபும் ஹை வோல்டேஜும் உயிரோடு இருக்கின்றன, கோளாறு ஸ்வீப்பில். புள்ளியும் இல்லை என்றால், அறையை இருட்டாக்கி டியூபின் கழுத்தைப் பாருங்கள், இழை செம்மஞ்சளாக எரிகிறதா என்று.

இழை எரிந்து, புள்ளி மட்டும் வெளியே ஓடியிருந்தால், கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிகல் ஆம்பிளிஃபயரின் பழுதைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. அது இடமும் வலமும் கண்ணாடி பார்த்தது போல இரட்டையாக இருக்கும். கோடு நடுவில் நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் அதே வோல்டேஜ் இருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து ஜோடி ஜோடியாக அளந்துகொண்டு போங்கள். எந்த ஜோடியில் முதன்முதலாகப் பிரிகிறதோ அந்தக் கட்டத்தில்தான் பழுது. ஒரு சேனல் மட்டும் கெட்டிருந்தால் இன்னும் எளிது. நன்றாக இருக்கும் சேனல்தான் உங்கள் மேனுவல்.

11. சுவிட்சும் பொட்டென்ஷியோமீட்டரும்

கரகரவென்று கோடு குதித்தால் பெரும்பாலும் அழுக்குதான். பொட்டென்ஷியோமீட்டருக்குள் (நாப்பால் திருப்பும் ரெசிஸ்டருக்குள்) ஒரு துளி கான்டாக்ட் கிளீனர், பிறகு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முப்பது தடவை திருப்புங்கள். டபிள்யூடி-40 வேண்டாம், அது விட்டுப் போகும் எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும்.

சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டெனுவேட்டர் சுவிட்சில் எதையும் பீய்ச்சாதீர்கள். சிஆர்ஓவின் இன்புட் 1 மெகா ஓம். அங்கே எண்ணெய்ப் படலம் தங்கினாலே அளவு தவறும். காகிதத்தைச் சின்னப் பட்டையாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, கான்டாக்ட்டின் நடுவே விட்டு மெல்ல இழுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. தங்க முலாம் ஒரே இழுப்பில் போய்விடும். பஞ்சுக் குச்சியும் ஆபத்து, இழை மாட்டிக் கான்டாக்ட்டின் விரலை வளைத்துவிடும்.

12. அளவு சரிபார்ப்பது, கடைசியில்

அரை மணி நேரம் ஓட விட்டுத் தொடங்குங்கள். வரிசை: சப்ளை, ஹை வோல்டேஜ், கோட்டின் சாய்வு, ஃபோகஸ், வெர்டிகல் கெய்ன், அட்டெனுவேட்டர், கடைசியாக ஸ்வீப் நேரம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஹை வோல்டேஜ் கூடினால் பீம் விறைத்துக்கொள்ளும், அதே சிக்னலுக்கு அலை சிறுத்துத் தெரியும். கெய்னை முதலில் திருப்பிவிட்டுப் பிறகு ஹை வோல்டேஜைத் தொட்டால் எல்லாம் வீண். அதைத் தொடும் படிகளை, ஹை வோல்டேஜ் புரோப் வாங்கும் வரை விட்டுவிடுங்கள்.

எந்த ட்ரிம்மரையும் (அளவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் குட்டித் திருகையும்) திருப்பும் முன், அது நிற்கும் இடத்தை மெல்லிய பேனாவால் குறியிடுங்கள். திருப்பியும் எதுவும் மாறவில்லை என்றால் அதே இடத்துக்குத் திரும்ப வையுங்கள்.

இந்த வகைச் சிஆர்ஓக்களின் துல்லியம் 3 சதவீதம் சுற்றித்தான். ஆகவே வோல்டேஜுக்கு நல்ல மல்டிமீட்டரும், நேரத்துக்கு ஒரு கிரிஸ்டல் ஆசிலேட்டரும் தாராளமாகப் போதும். 10:1 புரோபின் ட்ரிம்மரை, சோதனைக்கான சதுர அலையைத் தரும் கருவியின் கேலிபரேட்டர் பின்னில் மாட்டி, சதுர அலையின் மூலை கூரும் இல்லாமல் மழுங்கலும் இல்லாமல் வரும் வரை திருப்புங்கள். இதைச் செய்யாமல் "ஆம்பிளிஃபயர் சரியில்லை" என்று போர்டைக் கழற்றுபவர்கள் ஏராளம்.

13. அடுத்த கருவி வாங்கும் முன்

எச்பி 3478ஏ போன்ற மேசை மல்டிமீட்டர்களின் கேலிபரேஷன் எண்கள், 3 வோல்ட் லித்தியம் பேட்டரி தாங்கும் மெமரியில் இருக்கின்றன. பேட்டரி பழசு என்று கழற்றினால் எண்கள் அழிந்துவிடும். கருவி ஓடும், அளவு மட்டும் பொய்யாகும். முதலில் ஜிபிஐபி (கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் போர்ட்) வழியாக அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வையுங்கள். பிறகு வெளியிலிருந்து 3 வோல்ட்டைப் பக்கத்தில் இணைத்துக்கொண்டு பேட்டரியை மாற்றுங்கள். அப்போது மெயின்ஸ் பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். சால்டரிங் அயர்னின் எர்த்தையும் பிரித்துவையுங்கள், இல்லாவிட்டால் அதன் வழியாகவே மெமரி ஷார்ட் ஆகலாம்.

சரியான கருவியையும் சும்மா வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடினால் ஈரம் போகும், எலக்ட்ரோலிட்டிக்கும் தன் படலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். மாற்றிய பாகம், மாற்றிய தேதி, அன்று அளந்த சப்ளை வோல்டேஜ்கள், மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.